தோன்றா எழுவாய்

மில்வாக்கி. பிப்ரவரி. ஆறாம் மாடி.
சன்னலுக்கு வெளியே உறைந்த ஏரி
அச்சேறாத காகிதம்போல் கிடக்கிறது.

ஐந்து பேர் நாங்கள்.
அக்டோபர் மாநாட்டுக்கு
'இனமும் செய்தியும்' அமர்வுகளைப் பிரிக்கிறோம்.
இருபத்திரண்டு கட்டுரை, எட்டு இடம்,
ஒரு பெட்டி டோனட்,
அதில் யாரும் தொடாத பாதி ஒன்று.

"தலைப்பில் இனமா, இனவாதமா?"
வின்னிஃப்ரெட் கேட்கிறாள்.
நாற்பது நிமிடம் போகிறது.
வோய்சிக் "சமநிலை" என்கிறார்.
பா ஹூவா வாங் பேனாவை மூடிவைக்கிறாள்:
"எங்கள் தெருவுக்குக் கேமரா வந்தது
இரண்டே தடவை.
ஒன்று ஹ்மொங் புத்தாண்டு நடனத்துக்கு,
மற்றது பிணத்துக்கு.
எதை எதோடு சமன் செய்ய?"

குறிப்பேட்டில் எழுதுகிறேன்: விவாதம் நடந்தது.
யார் நடத்தினார் என்று எழுதவில்லை.
பழக்கம்.

முப்பத்தோரு வருடம் நாளிதழின் இரவு மேசை.
இந்தத் தளத்தில் கறுப்பு
ஒர்னெட்டாவும் கடுங்காப்பியும்தான் என்று சிரிப்பார்கள்.
கூடவே சிரிப்பேன்.
பதினொன்று நாற்பதுக்குப் பக்கம் போக வேண்டும்.

பதினேழாம் கட்டுரை.
ஜெருஷா டாலிவர், ஆய்வு மாணவி.
ஒரேயொரு தலைப்பைப் பற்றி முப்பது பக்கம்.
இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிட்டது.
அச்செழுத்தில் கிடந்தாலும்
தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா?

'காவலர் மோதலில் ஆண் பலி.'
எண்பத்தொன்பது, ஜூலை.

சுட்டவர் இல்லை. துப்பாக்கி இல்லை.
மரத்திலிருந்து தானே உதிர்ந்த பழம்போல
ஒரு பலி.
அந்த ஆண், டெரல் மேபின், பதினான்கு வயது.
கழன்ற சைக்கிள் சங்கிலியை
மாட்டிக்கொண்டிருந்தான்.
விரலெல்லாம் கிரீஸ் என்கிறாள் ஜெருஷா.
அதை எங்கே தேடிப் பிடித்தாளோ,
எங்கள் செய்தியில் அது இல்லை.

பத்தொன்பதாம் பக்கத்தில் அடிக்குறிப்பு:
'தலைப்பிட்டவர் யாரெனத் தெரியவில்லை.
வெள்ளை ஆணாக இருக்கக்கூடும்.'

முதலில் 'சிறுவன்' என்றுதான் அடித்தேன்,
வயதோடு.
ஒரு பத்தி அகலம். வழிந்தது. நறுக்கினேன்.
இடமில்லை என்பது உண்மை.
அதே பக்கத்தில் பூனைக் கண்காட்சிக்கு
மூன்று பத்தி அகலம் இருந்ததும் உண்மை.

"ஒரே தலைப்பா? மாதிரி போதாது.
சனிக்கிழமை காலை எட்டு,
கீழ்த்தளம், இருபது நாற்காலி,"
என்று முடித்துவிட்டு
எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.
அட்டவணை என் மடிக்கணினியில்.

அவள் வைத்த பெயர்:
'ஆண் பலி: பதினான்கு வயதுப் பையனை
ஒரே இரவில் வளர்ப்பது எப்படி.'
கட்டம் கொள்ளவில்லை.
கணினி வெட்டியது வெட்டியபடி நிற்கிறது:
'ஆண் பலி: பதி'

சுருக்கிவிடலாம் என்று ஒரு குரல்.
ஒரு குரல் என்று எழுதுவது எனக்கு எளிது.
வோய்சிக்தான்.

"வேண்டாம்," என்கிறேன்.
கட்டத்தை இழுத்து அகலமாக்குகிறேன்;
பக்கத்தில் புலத்தலைவரின் வரவேற்புரை
மெலிந்து, 'வரவே' என்றாகிறது.
வெள்ளி, பகல் பதினொன்று, பெரிய கூடம்.
யாரையும் கேட்கவில்லை.

மறுமொழியாளர்: காலி.
அடிக்கிறேன்: ஒர்னெட்டா பிளெட்ஜர்.
"நீங்களா? ஏன்?" வின்னிஃப்ரெட்.
"அடிக்குறிப்பில் ஒரு திருத்தம் இருக்கிறது."

யாரும் மேலே கேட்கவில்லை.
பா ஹூவா மட்டும்
டோனட் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.
பசியில்லாமல் தின்றேன்.

இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.
அதற்குள் அந்தப் பெண்ணுக்கு
ஒரு கடிதம் போட வேண்டும்.
வாகன நிறுத்தத்தில், ஹீட்டர் சூடேறும்வரை,
ரசீதின் பின்பக்கத்தில் தொடங்கினேன்.
முதல் சொல் 'நான்'.
இரண்டாவது இன்னும் வரவில்லை.