போதுமானது

படிவத்தில் இரண்டே நிரல்கள்.
ஒன்று: எவ்வளவு கிடைத்தால் நல்லது.
மற்றது: எவ்வளவு குறைந்தாலும் உயிர் போகாது.
இணைப்புக் கேட்டு வந்த எல்லோரிடமும்
இரண்டையும் கேட்டேன்.
முதலாவதை நின்றபடியே சொன்னார்கள்.
இரண்டாவதற்குக்
கூட்டுறவுச் சங்க முகாமையாளர்
நாலு நாள் எடுத்தார்.

ஆஸ்பத்திரி வீதி மொட்டைமாடியில் முதல் தட்டு.
அங்கிருந்து மண்டைதீவு,
வேலணைத் தண்ணீர்த் தாங்கி,
புங்குடுதீவில் ஐஸ் தொழிற்சாலைக் கூரை,
குறிகட்டுவான்,
பிறகு வெறுங்கடல்,
பிறகு நெடுந்தீவு.
ஐந்து தாவல்.
ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் குறையும்,
மினிபஸ்ஸில் கொடுத்துவிட்ட
மாம்பழப் பெட்டி போல.

கடைசித் தாவலுக்கு வற்றும் தெரியும், பெருக்கும் தெரியும்.
கடல் ஏறினால்
நேரே வரும் அலையும்
நீரில் பட்டு வரும் அலையும்
ஒரே வாசலில் முட்டி
ஒன்றையொன்று தின்னும்.

கார்த்திகை. இரவு பதினொன்று நாற்பது. பெருக்கு.
மூன்று நாளாய் வெயில் இல்லை,
கூரைப் பற்றரி முப்பத்தொரு வீதம்.
ஐஸ் தொழிற்சாலை மேல்மாடியில்
நானும் ஒரு நுளம்புத்திரியும்.
நெடுந்தீவிலிருந்து தாதி கலாவல்லி எழுதினாள்:
பசுபதிராசா, ஐம்பத்திரண்டு,
ஐஸ் பெட்டி ஏத்துறவர். நெஞ்சு நோ.
ஈசிஜி அனுப்புறன்,
டொக்டரை எழுப்புங்கோ.

ஈசிஜி சின்னப் பொருள்.
கல்யாண வீட்டுப் படம் ஒன்றில்
பத்திலொரு பங்கும் வராது.
ஆனால் காத்திருக்கத் தெரியாது அதற்கு.
பெரியவைக்குத்தான் தெரியும்
மெலியவும், மங்கவும்,
ஓரமாய் நிற்கவும்.

வங்கியின் நாட்கணக்கு
விடியமுன் போனால் போதுமென்று
முன்னரே எழுதித் தந்திருந்தது.
படம் பார்த்த பெடியளுக்குக்
கதாநாயகன் சதுரம் சதுரமாய் ஓடினான்,
அதையும் பார்த்தார்கள்.
மன்னாரிலிருந்து என்னோடு கதைத்துக்கொண்டிருந்த ரெக்ஸன்
அசையாத என் முகத்திடம்
நெற் விழுந்திட்டுதோ என்றான்.
விழவில்லை, நான்தான் விழுத்தினேன் என்பது
எழுத்தாய்ப் போனது,
ஒன்றரை நிமிடம் பிந்தி.

இன்னும் இடம் போதவில்லை.

இறங்குதுறையைப் பார்க்கும் கமரா ஒன்று இருந்தது.
யாருடையதென்று பதிவேட்டில் இல்லை.
இரண்டு நிரலிலும் ஒரே எண்.
குறைக்கக் கூடாது என்று
பெயர் சொல்லாத ஒரு தொலைபேசி.
இரவு முழுக்க அது அனுப்பியது
கட்டிய வள்ளங்களை,
ஈரச் சீமெந்தை,
ஒரு நாயை,
மயிர் மயிராய்த் தெரியும் தெளிவில்.

இரண்டாம் நிரலை அழித்து எழுதினேன்:
நிமிடத்துக்கு ஒரு படம்.
நாய் இருந்தது.
அடுத்த நிமிடம் நாய் இல்லை.
இதற்கு மேல் துறையில்
என்ன நடந்துவிடும்?

கோடுகள் வந்தன.
பன்னிரண்டும், ஒன்றும் அறாமல்.
ஆஸ்பத்திரி வீதியில் ஒரு விளக்கு எரிந்ததாய்
நினைத்துக்கொண்டேன், இங்கிருந்து தெரியாது.
டொக்டர் நளாயினியின் குரல்
ஐந்து தாவலும் தாண்டிப் போயிற்று:
அந்த ஊசியைப் போடுங்கோ, இப்பவே.
‘இப்பவே’யின் நடுவில் ஒரு துண்டு
கடலில் விழுந்தது.
கலாவல்லிக்கு விளங்கிற்று.

விடிய வற்று.
படகில் ஏற்றும்போது பசுபதிராசா
தலையை நிமிர்த்தி,
இண்டைக்குப் பெட்டி ஆர் ஏத்துறது
எண்டு கேட்டாராம்.

ஒவ்வொன்றாய்த் திருப்பிக் கொடுத்தேன்.
வங்கிக்கு அதன் அகலம்,
பெடியளுக்கு முழுக் கதாநாயகன்,
ரெக்ஸனுக்கு
நித்திரை இல்லாத என் முகம், அசைவோடு.

கமராவை மட்டும்
பழையபடி மாற்ற மறந்துபோனேன்.
மறந்தது என்றுதான்
பதிவேட்டிலும் எழுதியிருக்கிறேன்.
இன்றோடு பதினேழு நாள்.
யாரும் இன்னும் கேட்கவில்லை.