சிறு கசிவு

நியூ பெட்ஃபோர்ட், பிப்ரவரி.
பின்கதவைத் திறந்தால் மீன்வாடை,
முன்கதவைத் திறந்தால் உப்புத் தூவிய சாலை.
டோமிங்கோஸ் தவாரெஸ் தன் பழைய ஜெட்டாவை
சாவியோடும் கோபத்தோடும் என்னிடம் விட்டார்.
கண்ணாடியில் ஸ்டிக்கர் காலாவதி.
டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு
அக்டோபரிலிருந்து அணையவில்லை.

ஸ்கேனர் சொன்னது: பூஜ்யம் நான்கு ஐந்து ஆறு.
மிகச் சிறிய கசிவு.
குண்டூசி நுழைந்தால் அடைந்துபோகிற அளவு.
பெட்ரோல் சொட்டாது. ஆவிதான் போகும்,
சொல்லாமல் கொள்ளாமல்.

"என் தம்பி" என்றார்.
"இரவல் வாங்கிப்போனான், பெட்ரோல் போட்டான்,
மூடியைத் திருகாமல் விட்டான்.
அன்றைக்கு எரிந்த விளக்கு."
மூன்று புது மூடி வாங்கிவிட்டாராம்.
தம்பியோடு பேச்சு இல்லையாம்.
நான் கையுறையைத் தேடினேன்.

புகை இயந்திரத்தைச் சூடாக்கி
குழாய்க்குள் வெள்ளைப் புகையை ஊதினேன்.
மூடியருகே முகத்தை வைத்துப் பார்த்தேன்: இல்லை.
துருவேறிய கழுத்துக் குழாய், இல்லை.
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
இடுப்பு உறையும் தரையில் கிடந்து
தொட்டியின் தலை, அடி, ஓரம்
இல்லை.
வடிகட்டி வாயில் மட்டும் கொஞ்சம் புகை.
அது வழக்கம்தான்,
ஓய்வில் அந்த வழி திறந்தே இருக்கும்.

காபி ஆறிப்போனது.
தொழிலுக்கு வந்த புதிதென்றால்
நாலாவது மூடியை விற்றிருப்பேன்.

பின்சக்கர வளைவில் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினால்
கசிவைக் கண்டுபிடிக்கிற பம்ப்.
தொட்டிக்குள் காற்றடித்து
எவ்வளவு நேரம் நிற்கிறதென்று எண்ணுவது
அதன் உத்தியோகம்.
அதன் குழாயைப் பிடுங்கி ரப்பர் அடைப்பான் செருகி
மறுபடி அழுத்தம் ஏற்றினேன்.
முள் நின்றது.
ஒரு நிமிஷம். ஐந்து.
ரேடியோவில் வானிலை முடிந்து
கடல் அலையின் உயரம் சொல்லும்வரை
முள் அசையவில்லை.

அப்படியென்றால் தொட்டி குற்றமற்றது.
கழுத்து, மூடி, மூன்று மூடிகளும்.
பம்பைப் பிரித்தேன். வால்வின் இருக்கையில்
மிளகில் பாதி, ஒரு கரித்துணுக்கு.
வழக்கம் என்று நான் தள்ளிவிட்ட புகையின் வழி.
சோதிக்கிறவனே மூச்சை விட்டுவிட்டு
கணக்கை ஊரார் தலையில் எழுதியிருக்கிறான்.

துணுக்கை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
வெகுநேரம் பார்த்தார்.
மூக்கை உறிஞ்சினார், குளிர்தான்.
"இல்டா, பில்லில் ஒரு வரி எழுதுவாயா?"
"என்னவென்று?"
"மூடி சரியாக இருந்தது என்று."
எழுதினேன். அந்த வரிக்குக் காசில்லை.

ஸ்டிக்கர் உடனே கிடைக்காது என்றேன்.
விளக்கை அணைத்தால் வண்டியின் நினைவும் அழியும்,
அது தன்னைத்தானே மறுபடி சோதிக்கணும்.
இரண்டு ராத்திரி குளிரில் கிடக்கட்டும்,
டேங்கை நிரப்ப வேண்டாம், பாதி போதும்,
காலையில் எழுப்பி நெடுஞ்சாலையில்
இருபது நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டணும்.

"இருபது நிமிஷத்தில் எங்கே போவது" என்றார்,
என்னைப் பார்க்காமல்.
ஃபால் ரிவர் போகலாம் என்றேன்.
தம்பி எந்த ஊர் என்று
நான் கேட்டிருக்கவில்லை.