ஒரு பல் குறைவாக

ஜென் காருக்குள் எஸ்டீம் இன்ஜினை இறக்கி
நாலு மாதம் ஆகிறது.
மூளைப் பெட்டி மட்டும் பழசு.
அதற்கு இன்னமும் ஆயிரம் சிசி என்றே நினைப்பு,
பசி கூடிப்போன வயிற்றுக்குப்
பழைய கரண்டியிலேயே பரிமாறுகிறது.
மரப்பாலம் சிக்னலில் நின்றால்
முள் எண்ணூறுக்கும் ஆயிரத்து நானூறுக்கும்
அல்லாடுகிறது.
பக்கத்து பஸ் ஜன்னலில் ஒரு பையன்
"காருக்கு இருமலா?" என்கிறான்.

தேங்காய்த்திட்டில் தொமினிக் ஷெட்.
உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டர்களைப்
பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபடி சொன்னார்:
"ரெண்டு வழிதான் மேடம்.
ஒண்ணு, இடையில உக்கார்ற சின்னப் பெட்டி.
பதினாலாயிரம். ஒரே மதியத்துல மாட்டிடலாம்.
சென்சார் சொல்றத மாத்திச் சொல்லும்,
பழைய மூளை நம்பிடும்."

பேசிக்கொள்ளாத சம்பந்திகளுக்கு நடுவே நின்று
இவர் திட்டியதை அவரிடம்
நலம் விசாரித்ததாகக் கொண்டுபோகும்
ஒருத்தியை எனக்குத் தெரியும்.
கல்யாணம் நடந்துவிடும்.
வெயில் ஏறிய கடலூர் ரோட்டில்
நாலாவது கியரில் முழுசாக மிதித்தால்
அந்தப் பேச்சு எதுவரை தாங்கும்?

"நாளாக நாளாகப் பழசு மோப்பம் பிடிச்சிடும்.
தானே சரிக்கட்டிக்கும்.
நாம மறுபடி பொய்ய ஏத்தணும்."

இன்னொன்று தனியாள்.
ஒன்றுமே தெரியாமல் வரும்.
ஐம்பத்தெட்டாயிரம், வயர் வேலை தனி.
ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம்,
இதில் இருநூற்று ஐம்பத்தாறு,
அத்தனையும் நாம்தான் எழுத வேண்டும்.
எந்தச் சுற்றில், எவ்வளவு மிதியில்
எத்தனை துளி, எப்போது பொறி.
தப்பாக எழுதினால் பிஸ்டன் உருகும்.
பரிகாரம் கிடையாது.

நான் நெல்லித்தோப்பில் பொய்ப்பல் செய்கிறவள்.
பதினோரு வருடம்.
பக்கத்துப் பல்லின் நிறம் பார்த்து, கறை பார்த்து,
அந்தக் கறையையும் சேர்த்தே சூளையில் சுடுவேன்.
இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.
சின்னப் பெட்டியை ஏளனம் செய்ய
எனக்கு ஏது வாய்?

அப்போதுதான் அந்தச் சக்கரத்தைக் கையில் கொடுத்தார்.
கிராங்கில் மாட்டுவது.
முப்பத்தாறு பல் இருக்க வேண்டும்,
முப்பத்தைந்துதான் இருந்தது.
"அந்தப் பொக்க வர்றப்பதான்
இன்ஜின் எங்க நிக்குதுன்னு
புதுப் பெட்டிக்குத் தெரியும்."
விரலால் தடவினேன்.
ஈறு போல வழவழப்பு.
வாழ்க்கையில் முதல்முறை
ஓர் இடைவெளியைப் பார்த்து
அடைக்கத் தோன்றவில்லை.

தனியாளையே வாங்கினேன்.
சீட்டு எடுத்த பணம்.
வீட்டில் சொன்னது இருபத்தைந்து.

ஞாயிறு, விடியாத ஐந்து மணி.
அரியாங்குப்பம் பாலம் தாண்டிவிட்டோம்.
மடியில் லேப்டாப்புடன் இளஞ்சேரல்.
அவருக்குப் பெட்ரோல் வாசனையே ஆகாது.
ஒரு கையில் எலுமிச்சம்பழம்,
முகர்ந்து முகர்ந்து எண் வாசிக்கிறார்.
"பதினைந்து புள்ளி ஆறு."
காய்கிறது. கூட்டுங்க என்கிறேன்.
அந்தக் கட்டத்தில் மூன்றைக் கூட்டுகிறார்.
தவளக்குப்பம்.
பூக்கூடை கட்டிய மொபெட்டுக்கு வழிவிட்டு
மூன்றாவதில் அழுத்துகிறேன்.
"பன்னிரண்டு எட்டு."
"அது போதும். தொடாதீங்க."
கிருமாம்பாக்கத்தில் நாய் ஒன்று குறுக்கே வந்து
ஒரு கட்டம் எழுதாமலே போயிற்று.

கன்னியக்கோயிலில் டீ.
நின்ற இடத்தில் கார் இன்னும் லேசாக இரைக்கிறது,
ஆனால் முள் தொள்ளாயிரத்தை விட்டு அகலவில்லை.
சில்லறைக்காக டாஷ்போர்டைத் துழாவியவர் கையில்
கூரியர் ரசீது வந்தது.
விரித்துக்கூடப் பார்க்கவில்லை.
அவர் சட்டைப்பைக்குள் வைக்கிற காகிதம் எல்லாம்
எட்டாகத்தான் மடிந்திருக்கும்.
அதுவும் எட்டாக மடிந்திருந்தது.
எடுத்த இடத்திலேயே வைத்தார்.

கண்ணாடி டம்ளரை ஊதிக்கொண்டு
திரையைப் பார்த்துச் சொன்னார்:
"இன்னும் தொண்ணூறு கட்டம் தொடாம கெடக்கு.
பெண்ணையாத்துப் பாலம் வரைக்கும் போலாமா?"