பிஸ்கட் துகள்

பதினோரு முறை எழுதிக்கொடுத்திருக்கிறேன்
‘ஆழ்ந்த கவலை’ என்று.
பன்னிரண்டாவதற்குப்
பேனா மூடியைத் திறக்கவில்லை.

போன வியாழன் கூட்டத்தில்
வரைபடத்து ஊரொன்றின் மேல்
பிஸ்கட் துகள் விழுந்தது.
விரலால் தட்டிவிட்டேன்,
அடியில் ஊர் பத்திரமாக இருந்தது.
சனிக்கிழமை
ஊர் இல்லை.
குண்டில் நம் தொழிற்சாலை எண்.

ராஜினாமா மூன்றே வரி.
கொறடா ஹெடர்லி கூப்பிட்டு
ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார்.
என் காதில் விழுந்தது:
உண்ட வீட்டுக்கு இரண்டகமா?

உண்டேன்தான்.
அந்த பிஸ்கட்டின் மீதியையும்.

ஒயிட்ஹாலில் மழை.
அட்டையைக் கழற்றிக் கொடுத்ததும்
வாயில் காவலர் கேட்டார்,
“குடை இருக்கா, மேடம்?”

பதினொன்றாம் நம்பர் பஸ்ஸில்
கழுத்தில் கயிற்றுத் தடம் அரித்துக்கொண்டே வந்தது.
இந்நேரம் வேறு யாரோ
எழுதி முடித்திருப்பார்கள்
பன்னிரண்டாவதை,
என்னைவிட அழகான கையெழுத்தில்.