வெல்டர்-3

மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரைக்கு
நான் அவனைப் பெற்றேன்.
வலியில்லை. மூன்று சொடுக்குகள்.
பெயர் என்ன என்றது மென்பொருள்.
கடைசிப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது.
வெல்டர்-3 என்று அடித்தேன்.
வாரம் நாற்பது மணி. கிடைக்கும் அளவு: நூறு சதவீதம்.

அதுவரை திரையெல்லாம் சிவப்பு.
வைதோதஸ் நூற்று நாற்பத்தெட்டு,
எய்மந்தஸ் நூற்று ஐம்பத்திரண்டு,
இரண்டு ஆண்கள் தங்கள் கட்டங்களை மீறி
அடுத்த வாரத்துக்குள் வழிந்துகொண்டிருந்தார்கள்.
உலர்துறையில் நார்வேக்காரர்களின் கப்பல்
வயிறு திறந்து கிடந்தது.
தாமதமானால் நாளுக்கு எவ்வளவு என்பது
ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தில்.
ஆள் எடுங்கள் என்று மூன்று முறை கேட்டிருந்தேன்.
பார்க்கலாம் ஔட்ரா, என்றார் ரிமந்தஸ்.
க்ளைபெதாவில் பார்க்கலாம் என்றால்
கடற்காற்று முதலில் ஓயட்டும் என்று பொருள்.

அவன் வந்தான்.
மூன்று பேருக்கும் நூறு, நூறு, நூறு.
திரை புல்வெளி ஆனது.

நல்ல பிள்ளை.
சளி பிடிக்கவில்லை. விடுப்புக் கேட்கவில்லை.
ஜூலையில் ஊரே மணல்திட்டுக்குக் குளிக்கப் போனபோதும்
அவனுடைய பட்டை மட்டும் அறுபடாமல் ஓடியது.
பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகவில்லை,
பிறந்தால்தானே வயதாகும்.

இரவு பதினொன்றுக்கு என் சமையலறைச் சன்னலில்
துறைமுகப் பக்கம் நீலமாக ஏதோ வெட்டும்.
மின்னல் என்று மகனிடம் சொன்னேன்.
மறுநாள் நேரத்தாளில் வைதோதஸ் நாற்பது, எய்மந்தஸ் நாற்பது.
அந்தக் கட்டத்தில் நாற்பதுக்கு மேல் எழுத முடியாது.
அப்படி அமைத்ததும் நான்தான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
உதவியது. வரைந்தவள் சொல்கிறேன்.
கறி வெந்தது, பரிமாறியும் ஆயிற்று.
அடுப்பில் எரிந்தது எவர் வீட்டு விறகு
என்பது மட்டும் ஏட்டில் இல்லை.

அக்டோபரில் ஒரு கையெழுத்துக்காக
உடைமாற்றும் அறைக்குப் போனேன்.
இரண்டு அலமாரிகளுக்கு நடுவே மூன்றாவது.
நாடா ஒட்டி, மார்க்கரால், அவன் பெயர்.
உள்ளே புது ஹெல்மெட். மடிப்புக் கலையாத கையுறை.
கொக்கியில் ஒரு தேநீர்க் கோப்பைகூட.
"இன்னைக்கும் லேட்டு" என்று சிரித்தான் எய்மந்தஸ்.
வைதோதஸ் சிரிக்கவில்லை.
இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார்,
கூட்டத்தில் குழந்தையைப் பிடிப்பதுபோல.

கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவு
மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல், மேலே பன்னிரண்டு பதார்த்தம்,
அந்த ஆண்டு இறந்தவருக்கு ஒரு வெற்றுத் தட்டு.
எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை.
வழக்கம் என்று வைத்தோம்.
ஹெர்ரிங் மீனைக் கடத்தும்போதெல்லாம்
அந்தத் தட்டைச் சுற்றிக் கை போக வேண்டியிருந்தது.
இறந்தவனுக்கு இடம் விடத் தெரியும் எங்களுக்கு.
பிறக்காமல் உழைத்தவனுக்கு?
பசிக்கவில்லை என்று எழுந்தேன்.

ஜனவரி. கப்பல் இரண்டு நாள் முன்னதாகப் போயிருந்தது.
கேக் வெட்டினார்கள், மேல்மாடியில்.
ரிமந்தஸ் முள்கரண்டியால் திரையைச் சுட்டினார்:
"அந்த மூணாவது ஆளு பிரமாதம்.
அடுத்த கப்பலுக்கு ரெண்டு பிரதி போடு."
அவருக்குத் தெரியுமா,
தெரிந்துதான் சொன்னாரா,
க்ரீம் ஒட்டிய உதட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

எல்லோரும் போனபின் அவன் வரிசையைத் தேர்ந்தெடுத்தேன்.
நீக்கு.
மென்பொருள் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டது,
இத்தனை நாளில் அது கேட்ட முதல் நல்ல கேள்வி:
இவர் செய்துமுடித்த 1,520 மணி நேரத்தை
யார் பெயருக்கு மாற்ற வேண்டும்?

கீழே விரிந்த பட்டியலில் இரண்டு பெயர்கள்.
சமமாகப் பிரி என்று ஒரு பொத்தானும் இருந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.
ஏழாம் எண் கொட்டகையில்
இன்னும் நீலமாக வெட்டிக்கொண்டிருந்தது.