ஒன்பது நாள்

வக்கீல் நோரீன் காகிதத்தில் ஒரு கோடு இழுத்தாள்.
கோட்டின் நடுவில் புள்ளி வைத்தாள்:
அக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை,
பாஸ்டன் கோர்ட்டில் அடெலினோ கை உயர்த்திச் சத்தியம் செய்த நாள்.

"திருட்டு இதற்குப் பிறகு என்றால்
சிறை மட்டும். முடிந்ததும் வீடு.
குடியுரிமையை யாரும் தொட முடியாது.
இதற்கு முன்பே திருடி, மறைத்துச் சத்தியம் செய்திருந்தால்
கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள்."

மாட்டாத டயருக்கு பில் போட்டான் என் தம்பி,
பதினொரு மாதம்,
இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம்.
கூடவே கையெழுத்துப் போட்ட டுவைட்டுக்கும்
அதே இரண்டு வருஷம்.
எந்தத் தேதியில் ஆரம்பித்தாய் என்று
டுவைட்டை ஒருவரும் துருவவில்லை.
அவன் பிராக்டனிலேயே பிறந்தவன்.
பிறப்பதற்கு முன்னால் போய் யாரும் திருட முடியாது.

அன்று வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள்.
நேர்காணலுக்குப் பின் குற்றம் ஏதும் செய்தீரா,
பிடிபடாததும் சேர்த்து.
என் பேனாவைத்தான் வாங்கினான்.
'இல்லை'யில் டிக் அடித்துவிட்டு
மூடியைத் தொலைத்தான். திட்டினேன்.
புதுக் கோட்டுப் பையில் காகிதக் கொடியைச் செருகிக்கொண்டு
"ஸுல்மிரா, இனி நம்மை யார் கிளப்புவது?" என்றான்
எங்கள் கிரியோலில், கொஞ்சம் சத்தமாகவே.

நேற்று அந்தக் கோட்டைத்தான் எடுத்தேன்,
விசாரணைக்குத் தேய்த்து வைக்கலாமென்று.
உள்பையில் ஒரு ரசீது.
எழுத்து மங்கல்தான், ஆனாலும் படிக்க முடிந்தது:
ஆண்கள் கோட்டு, சாம்பல் நிறம்,
நூற்று நாற்பது டாலர், ரொக்கம்,
செப்டம்பர் முப்பது.

அந்த வாரம்
பஸ்ஸுக்குக்கூட அவன் என்னிடம்தான் கை நீட்டினான்.
பணம் ஏதென்று நான் கேட்கவில்லை.
மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்றேன்.

"வீட்டில் பழைய காகிதம் ஏதாவது?"
போனில் நோரீன்.
தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

எனக்கும் ஒரு கோடு உண்டு,
அவனுடையதைவிட மூன்று வருஷம் மூத்த புள்ளியோடு.
இன்று நான் எதைச் செய்தாலும்
அது பிறகு செய்ததுதான்.
சிறை மட்டும்.

ரசீதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.
கோட்டைத் தேய்த்தேன்,
கைகள், காலர், முதுகு,
உள்பையின் மேல் இரண்டு தரம், நிறுத்தி.

சூடு பட்டால் அந்தக் காகிதம்
முழுக்கக் கறுத்துவிடும் என்று தெரியாதா என்றால்
தெரியும்.
ஆறு வருஷம் மளிகைக் கல்லாவில் நின்றவள் நான்.