தேய்மானம்

ஏப்ரல் கடைசி வாரம் வருவார் குரிமொடோ.
பனிபூட்ஸைக் கழற்றி
மூக்கு வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பார்.
இந்த ஆபீசில் யாரும் கழற்றுவதில்லை, நான் உட்பட.
ஸ்கேட்ஸ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில்
ஒரு வருஷத்து ரசீதுகள்.

எல்ம் தெருவில், சலவைக்கடைக்கு மேல்மாடி.
கீழே உலர்த்திகள் ஓடும் மாலைகளில்
வெறும் பாதத்துக்குத் தரை வெதுவெதுப்பாய் இருக்குமாம்.
சட்பரியின் ஜனவரியில் அது சும்மா கிடைப்பதல்ல.
அவருக்குக் கிடைத்தது.
ஹீட்டர் பில்லில் பார்த்தேன்.

நிக்கல் சுரங்கம் வேலைநிறுத்தத்தில் கிடந்த வருஷம்
மாணவர்கள் அறுபத்தொரு பேர்,
பணம் கட்டியவர்கள் ஒன்பது.
மிச்சப் பேரை எந்தப் பத்தியில் காட்டுவது?
வாராக்கடனா, நன்கொடையா என்றேன்.
வெகுநேரம் படிவத்தைப் பார்த்தார்.
"வந்தார்கள் என்று ஒரு பத்தி இல்லையா?"

டோக்கியோவில் தலைவர் இறந்ததும்
சங்கம் மூன்றாய் உடைந்தது.
மூன்று கடிதம், மூன்றிலும் சந்தா பாக்கி,
மூன்றிலும் நாங்களே அசல்.
எதற்கும் பதில் போடவில்லை.
நூல்கத்தரி, ஒரு டாலர் எண்பது காசு:
நெஞ்சில் தைத்திருந்த சின்னத்தைப் பிரித்த செலவு.
அதன் கீழே துணி
வந்திறங்கிய நாளின் வெள்ளையில் இருந்ததாம்.
அதை ஏன் என்னிடம் சொன்னாரோ.

பதினெட்டு வருஷம் கழித்து ஒருமுறை ஒசாகா போனார்.
பயணச்சீட்டைக் கழித்துக் கொடுத்தேன்.
பயிற்சி முகாமில் எண்ணச் சொன்னார்களாம்.
இச்சி, நி, சன்...
எட்டில் முன்வரிசை சிரித்துவிட்டது.
சுரங்கத்துப் பிரெஞ்சுக்காரர்கள்
'ஹ'வை விழுங்கி விழுங்கி
ஹாச்சியை ஆச்சி ஆக்கியிருந்தார்கள்.
தினம் இருநூறு முறை கேட்டவர்
தானும் அப்படியே எண்ணினார்.
"என் ஊரில் அப்படித்தான்" என்றாராம்,
எந்த ஊர் என்று அவர்கள் கேட்கவில்லை.

மேப்பிள் பலகைத் தரைக்குத் தேய்மானம் உண்டு.
குத்துப்பைக்கு உண்டு, நிலைக்கண்ணாடிக்கும் உண்டு.
இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார்,
இதுவும் தொழிலுக்குத்தானே தேய்ந்தது என்று.
சட்டத்தில் இடமில்லை என்றேன்.
மருத்துவச் செலவில் கொஞ்சம் தேறியது.

இந்த வருஷம் படிவத்தில்
தொழில் என்ற இடத்தில்
நான் எழுதியிருந்த 'கராத்தே பயிற்றுநர்' மேல் கோடு.
பக்கத்தில் அவர் கையெழுத்தில்: எண்ணுபவர்.
அது என் தொழில் ஐயா என்றேன்.
சிரிக்கவில்லை. யோசித்தார்.
"அப்படியானால் இரண்டு பேர்."

பூட்ஸ் தயாராய் நின்றது,
காலை நுழைத்தார், போனார்.
என் மாடிக்குப் பதினோரு படி.
முழங்காலுக்காக ஒவ்வொன்றாய் எண்ணி இறங்குவார்.
வெளியே உலைக்கழிவைக் கொட்டுகிறார்கள்,
ஜன்னல் முழுக்கச் செம்மை.
பேனாவை மூடாமல் காத்திருந்தேன்
எட்டாம் படிக்கு:

ஆச்சி.

யாரையோ மரியாதையாய்க் கூப்பிடுகிற குரலில்.